67,46,32,83,88,800

ராமானுஜன் என்றதும் 1729 நினைவுக்கு வரும். ஏலப்பாறையில் என்னிடம் கணக்குப் படிக்க வரும் குழந்தைகளுக்கு நான் மேற்கண்ட எண்ணையும் எழுதிக் காட்டுவது வழக்கம்.

1887-ல் ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்த ராமானுஜன், கணிதம் தவிர மற்ற பாடங்களில் தேறாமல் கல்லூரிப் படிப்பை இழந்தார். 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா; 1914-ல் கேம்பிரிட்ஜ். தன்னைவிடச் சிறிய எல்லா எண்களையும்விட அதிக வகுத்திகள் கொண்ட எண்களைப் பற்றி 1915-ல் கட்டுரை வெளியிட்டார். 1916-ல் பட்டம் பெற்றுத் தந்தது அந்த ஆய்வே.

அவர் பட்டியலின் கடைசி எண் இது, வகுத்திகள் 10,080. எல்லாம் கையால் போட்ட கணக்கு! இடையில் விடுபட்டது 2,93,31,86,25,600 ஒன்றுதான். அதை 23-ஆல் பெருக்கினால் இந்தக் கடைசி எண்ணே வருகிறது.

1920-ல், 32 வயதில் மறைந்தார். பரீட்சையில் தேறாத குழந்தையை நாம் ஒதுக்கலாமா?