பெருந்தலைவர் விரித்த பந்தி

விருதுநகரில் 15-7-1903 அன்று பிறந்த காமராசர், சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். ஆறாம் வகுப்போடு படிப்பும் நின்றது. தாம் இழந்த கல்வியை நாட்டுப் பிள்ளைகள் இழக்கலாகாது எனக் கருதினார்.

1954-இல் முதலமைச்சரானதும், அரைநாள் பள்ளி, அரைநாள் பெற்றோர் தொழில் என்றிருந்த திட்டத்தைக் கைவிட்டார். பள்ளிக் கதவைத் திறந்தால் மட்டும் போதுமா? பசித்த பிள்ளை எப்படி வரும்? 1956-இல் மதிய உணவும், பின்னர் சீருடையும் வந்தன. சாதி பாராது பிள்ளைகள் ஒரே பந்தியில் அமர வழி பிறந்தது.

2-10-1975 அன்று அவர் மறைந்தார். ஆயினும் 2018-இல் நம் திருப்பூர் மாவட்டப் பள்ளியொன்றில், சத்துணவு சமைப்பவரின் சாதியைச் சொல்லி எதிர்த்தோர் இருந்தனர். மடத்துக்குளம் மாணவத் தோழர்களே! அவர் விரித்த பந்தியைக் காப்பது நம் கடனன்றோ!