கலிலியோ கலிலி: இயக்கத்தைக் கணித்தவர்

மாணவர்களே, இயக்கம், விசை ஆகிய அலகுகளின் பயிற்சிக் கணக்குகளைச் செய்யும்போது, பாரமான பொருள்தான் விரைவாக விழும் என்று உங்கள் மனம் சொல்கிறதா? வெட்கப்பட வேண்டாம். இவ்வலகுகளுக்கு அடித்தளமிட்ட கலிலியோவும் சரியான விடையை அடைய ஏறத்தாழ இருபது வருடங்கள் தடுமாறினார்.

இவர் 1564 பெப்ரவரி 15 ஆம் திகதி இத்தாலியின் பைசா நகரில் பிறந்தார். தந்தை வின்சென்சோ ஓர் இசைக்கலைஞர். மருத்துவம் கற்கச் சென்ற மகன் கணிதத்தில் மனதைப் பறிகொடுத்து, 1585 இல் பட்டம் பெறாமலே பல்கலைக்கழகத்தை விட்டு வெளியேறினார். ஆயினும் 1589 இல் அங்கேயே கணிதம் கற்பிக்க நியமனம் பெற்றார்.

பாரம் கூடிய பொருள் அதற்கேற்பக் கூடிய வேகத்துடன் விழும் என்ற அரிஸ்டோட்டிலின் கருத்தை அவர் மறுத்தார். ஆனால் 1590 அளவில் அவர் எழுதிவைத்த விளக்கமும் பிழையானதே. விழும் வேகம் பொருளின் அடர்த்தியில் தங்கியுள்ளது என்றும், ஆர்முடுகல் தொடக்கத்தில் மட்டுமே நிகழும் என்றும் எண்ணினார். அதனை அவர் அச்சிடவில்லை. (பைசாக் கோபுரத்துக் கதையை எழுதியவர் அவரது மாணவர் விவியானி. அதை உறுதியான நிகழ்ச்சியாக விடைத்தாளில் எழுதாதிருப்பது நல்லது.)

1592 இல் பதுவா பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். ஓய்விலிருந்து விழும் பொருள் முதற் செக்கனிலேயே ஏறக்குறைய 5 மீற்றர் சென்றுவிடும். அதை அளக்கத்தக்க கடிகாரம் அன்று இல்லை. எனவே சாய்தளமொன்றின் தவாளிப்பில் வெண்கலக் குண்டை உருளவிட்டு இயக்கத்தை மெதுவாக்கினார். பாத்திரமொன்றிலிருந்து மெல்லிய குழாயினூடாக வழிந்த நீரை நிறுத்து நேரத்தை அறிந்தார். அடுத்தடுத்த சம நேர இடைவெளிகளில் குண்டு சென்ற தூரங்கள் 1, 3, 5, 7 என்ற விகிதத்தில் அமைந்தன. இவற்றைக் கூட்டிப் பாருங்கள்: 1, 4, 9, 16. அதாவது, ஓய்விலிருந்து சீராக ஆர்முடுகும் பொருளின் இடப்பெயர்ச்சி நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதசமமானது.

இவ்விதியை 1604 இல் நண்பர் சார்ப்பிக்குக் கடிதத்தில் எழுதியபோது, விதி சரி, காரணம் பிழை! வேகம் தூரத்துக்கு நேர்விகிதசமம் என்றார். உங்களிலும் பலர் தூரம் இரு மடங்கானால் வேகமும் இரு மடங்கு என்று எழுதுவதுண்டு. அது உண்மையாயின், தூரம் பூச்சியமாக இருக்கையில் வேகமும் பூச்சியமாகும். பொருள் புறப்படவே மாட்டாது. வேகம் நேரத்துடனேயே சீராகக் கூடுகிறது என்ற முடிவுக்கு அவர் பின்னரே வந்தார். வேக-நேர வரைபொன்றை வரைந்து முக்கோணத்தின் பரப்பளவைக் காணுங்கள். வேகம் இரு மடங்காவதற்கு நான்கு மடங்கு தூரம் தேவை என்பது தெரியும்.

உராய்வற்ற கிடைத்தளத்தில் உருளும் குண்டின் வேகம் கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது என்றும் அவர் கண்டார். நியூற்றனின் முதலாம் விதிக்கு வழி திறந்தது இதுவே.

1610 இல் வியாழனின் உபகோள்களைக் கண்டு புகழ் பெற்றார். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்காக 1633 இல் உரோமில் திருச்சபையால் விசாரிக்கப்பட்டு, பின்னர் புளோரன்சுக்கு அருகில் ஆர்ச்செத்திரியில் வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். அங்கிருந்துதான் பழைய இயக்கக் குறிப்புகளைத் திரும்ப எடுத்து நூலாக்கினார். 1638 இல் ஒல்லாந்தின் லைடன் நகரில் அந்நூல் அச்சாகியபோது அவர் பார்வையை இழந்திருந்தார். 1642 ஜனவரி 8 ஆம் திகதி காலமானார். அவர் கணக்குப் போட்ட தாள்கள் புளோரன்ஸ் தேசிய நூலகத்தில் பேணப்படுகின்றன.