அறத்தின் வேர் தேடிய அயோத்திதாசப் பண்டிதர்

புதுக்கோட்டைக்கு அருகேயுள்ள சித்தன்னவாசல் குன்றின் ஏழடிப்பட்டத்தில், சமண முனிவர் துயின்ற கற்படுக்கைகள் ஈராயிரம் ஆண்டுகளாகக் கிடக்கின்றன. உலகைப் படைத்த கடவுள் ஒருவர் உண்டென ஒப்பாதவர் அவர். எனினும் எறும்புக்கும் தீங்கெண்ணாத ஒழுக்கத்தில் நின்றவர். கடவுளின்றி அறம் நிற்குமோ என்னும் வினா இம்மண்ணுக்குப் புதிதன்று. அவ்வினாவைத் தம் வாழ்வையே வைத்து ஆராய்ந்த சான்றோர் அயோத்திதாசப் பண்டிதர்.

1845ஆம் ஆண்டு மே 20ஆம் நாள் பிறந்த அன்னாரின் இயற்பெயர் காத்தவராயன். குடும்பத்திலிருந்த திருக்குறள் ஏடுகள் எல்லிஸ் துரையின் கைக்குச் சேர வழி செய்தவர் அவர் பாட்டனார் கந்தப்பன். கல்வி புகட்டிய ஆசானின் பெயரையே தம் பெயராக ஏற்று, சித்த மருத்துவத்திலும் தேர்ந்தார் பண்டிதர். நீலகிரியில் வாழ்ந்த நாளில் அவர் நிறுவியது அத்வைதானந்த சபை. ஆம், தொடக்கத்தில் அவர் வேதாந்தியே!

1892இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், கடவுள் எல்லார்க்கும் பொதுவெனில் எம் மக்களைச் சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் ஏன் விடுவதில்லை என வினவினார். கூட்டம் கொதித்தது. உங்களுக்கு மதுரைவீரனும் காட்டேரியும் இருக்கின்றனவே என்று விடை வந்தது. அங்ஙனமாயின் உங்கள் தெய்வங்கள் எமக்கு வேண்டா, கல்வியும் நிலமும் தருக என்றார் பண்டிதர். (130 ஆண்டுகள் கழித்து, 2022 டிசம்பரில், நம் மாவட்டத்து இறையூர் அய்யனார் கோயிலுக்குள் நம் மக்கள் செல்வதற்கு மாவட்ட ஆட்சியரே உடன் வர வேண்டியிருந்தது.)

அவ்விடை அவர் நெஞ்சில் வேறொரு வினாவை எழுப்பியிருக்க வேண்டும் என்பது எம் கருத்து. கடவுள் ஒரு சாரார்க்கே உரியவரெனில், அவர் பெயரால் வகுத்த நெறியும் அவர்க்கே சார்பாகுமன்றோ? ஒழுக்கத்திற்கு எவரும் பூட்டவியலாத வேறோர் இடம் வேண்டும். 1898இல் ஆல்காட் அவர்களின் துணையுடன் கொழும்பு சென்று, சுமங்கல மகாதேரரிடம் பஞ்சசீலம் ஏற்றார். சென்னை இராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்டார்.

கொல்லாமை, கள்ளாமை, பிறழாக் காமம், பொய்யாமை, கள்ளுண்ணாமை ஆகிய அவ்வைந்தும் தெய்வக் கட்டளைகள் அல்ல. ஒருவன் தானே மேற்கொள்ளும் உறுதிகள். தீவினை துன்பம் விளைப்பதாலேயே விலக்கத்தக்கது. தண்டிக்கும் தேவன் வேண்டுவதில்லை. நாடி பார்க்கும் மருத்துவர்க்கு இது எளிதில் விளங்கியிருக்கும். மருந்து நோயாளியின் மதம் கேட்பதில்லை.

1907 ஜூன் 19 முதல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழை நடத்தினார். பின்னர் அது ‘தமிழன்’ ஆயிற்று. கோலார் தங்கவயல் தொழிலாளரும் அதனைப் போற்றினர். தாழ்த்தப்பட்டோர் பண்டைய பௌத்தரே என்னும் அவர் துணிபை அறிஞர் அனைவரும் ஏற்பதில்லை. எனினும் பிறப்பால் உயர்வு கற்பிப்பது அறமாகாது என்னும் அவர் வாதம் அவ்வரலாற்றை நம்பி நிற்பதன்று.

1914 மே 5ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். அவர் எழுதிவந்த திருக்குறள் உரை முற்றுப்பெறாது நின்றது. இதழ்க் கட்டுரைகளின் பெருந்தொகுப்பு நூலுருவில் நம் கைக்கு வந்தது 1999இல்.