மரச் சிற்பி கிரின்லிங் கிப்பன்ஸ்

சிற்ப உளி பிடிக்கும் கை பிறப்பால் வருவதோ, பயிற்சியால் வருவதோ என்னும் வினா நம் சங்கத்தார் கூடும் இடந்தோறும் எழுவதுண்டு. தச்சர் வீட்டுப் பிள்ளைக்குத் தொழில் தானே கைவரும் என்பர் ஒரு சாரார். எக்குலத்திற் பிறந்தாலும் பயிலாதவனுக்கு உளி பகையே என்பர் மற்றொரு சாரார். இதனை வாதத்தால் தீர்க்க முயல்வதினும், இத்தொழிலில் உயர்ந்த ஒருவரின் வாழ்க்கையை எடுத்து நோக்குதல் நலமெனக் கருதினோம். ஆகவே, ஆங்கில நாட்டு மரச் சிற்பியருள் தலைசிறந்தவர் எனப் போற்றப்பெறும் கிரின்லிங் கிப்பன்ஸ் என்பாரின் வரலாற்றை ஈண்டு எழுதப் புகுந்தோம்.

கிப்பன்ஸ் 1648-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 4-ஆம் நாள், ஒல்லாந்து தேசத்து ராட்டர்டாம் என்னும் துறைமுக நகரிற் பிறந்தார். பெற்றோர் ஆங்கிலேயர். தந்தையார் வணிகர், லண்டன் மாநகரத்துத் துணி வணிகர் சங்கத்தில் உறுப்பினர். தந்தைவழி உரிமை பற்றி 1672-ஆம் ஆண்டில் மைந்தரும் அச்சங்கத்திற் சேர்க்கப்பெற்றார். எனவே, பிறப்பு அவருக்கு அளித்தது துணி அளக்கும் முழக்கோலேயன்றி உளியன்று. ஆயினும் அவர் வளர்ந்த நாடு ஒல்லாந்து. மலரையும் கனியையும் மெய்யென மயங்கும்படி தீட்டும் ஓவியர் பலர் அந்நாளில் ஆங்கு வாழ்ந்தனர். அத்தகைய நாட்டில் இளமையைக் கழித்துப் பத்தொன்பது வயதளவில், 1667-ஆம் ஆண்டை ஒட்டி, இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

அவர் கைக்கொண்ட தொழில் புடைப்புச் சிற்பம். நம் கோயில் தேர்களின் அடித்தட்டுகளில் இலுப்பை மரத்திற் செதுக்கிய தெய்வ உருவங்களைக் கண்டோர்க்கு இஃது இன்னதென விளக்க வேண்டுவதில்லை. முழு உருவச் சிற்பத்தைச் சுற்றிவந்து காணலாம். புடைப்புச் சிற்பமோ பலகையினின்று எழுந்து நம்மை நோக்கி நிற்பது. இரண்டு விரற்கடை ஆழத்தில் ஒரு காத வழியைக் காட்டவேண்டும் என்பதே இதன் அருமை. அண்மையில் உள்ளது உயர்ந்தும், சேய்மையில் உள்ளது பலகையோடு ஒட்டியும் அமைதல் வேண்டும். இவ்வளவு அறியாதவன் எத்துணை நுட்பமாகச் செதுக்கினும் அவன் சிற்பம் தட்டையாகவே தோன்றும்.

1671-ஆம் ஆண்டு சனவரி 18-ஆம் நாள் நிகழ்ந்ததொன்று கிப்பன்ஸின் வாழ்வை மாற்றியது. லண்டனை அடுத்த டெப்ட்போர்டு என்னும் ஊரில் ஜான் ஈவ்லின் என்னும் பெருஞ்செல்வர் வாழ்ந்தார், கல்வியிற் சிறந்தவர், அரசவையிற் செல்வாக்குடையவர். அவர் தம் மனைக்கு அருகே வயலிடைத் தனித்து நின்ற கூரைவீடு ஒன்றைக் கடந்து செல்லுங்கால், பலகணி வழியே உள்நோக்கினார். இருபத்திரண்டு வயதுடைய இளைஞர் ஒருவர் பெரியதொரு பலகையிற் குனிந்து செதுக்கிக்கொண்டிருந்தார். வெனிஸ் நகரத்து ஓவியர் டின்டொரெட்டோ தீட்டிய சிலுவைக் காட்சியே அப்பலகையில் உருப்பெற்றுக்கொண்டிருந்தது. அவ்வோவியத்தின் படியொன்றை ஈவ்லின் தாமே வெனிஸிலிருந்து கொணர்ந்திருந்தாராதலின், கண்ட அளவில் அறிந்துகொண்டார். அப்பலகையில் நூற்றுக்கு மேற்பட்ட மாந்தர் உருவங்கள் இருந்தன.

ஈவ்லின் உள்ளே புகுந்து, இத்தகைய ஒதுக்கிடத்தில் இருந்து வேலை செய்வது யாதுபற்றி என வினவினார். இடையூறின்றித் தொழிலில் மனஞ்செலுத்தவே என்றார் இளைஞர். பெரியோர் எவரிடமேனும் அறிமுகம் செய்துவைக்கலாமோ எனக் கேட்டபோது, தாம் இன்னும் தொடங்கும் நிலையிலேயே உள்ளவர் என்றும், ஆயினும் இதனை விற்க நேர்ந்தால் வருந்தமாட்டார் என்றும் அடக்கத்தோடு விடையிறுத்தார். விலை நூறு பவுன் எனக் கூறினார்.

நூறு உருவங்களைச் செதுக்கிய கையினர் தம்மைத் தொடக்கத்தினர் என்று கூறிக்கொண்டதை நம் இளைஞர் ஊன்றி நோக்குக. அவர் பயின்ற முறையையும் நோக்குக. தம் மனம் போனவாறு புதியதொன்று புனையாது, பெரியார் ஒருவர் வகுத்த அமைப்பைத் துணைக்கொண்டு அதனை மரத்தில் எழுப்ப முயன்றார். வரைகோட்டிற் பிழையிருப்பின் உளி அதனைத் திருத்தாது, பெரிதாக்கியே காட்டும். ஆதலின் இத்தொழிலில் முதற்கருவி எழுதுகோலே.

அதன் பின்னரே உளி. உருவின் புறக்கோட்டுக்குச் சற்று வெளியே உளியை இறக்கி எல்லை வகுத்தல் முதல் வேலை. சுற்றியுள்ள தளத்தைத் தாழ்த்துதல் இரண்டாவது. உருவின் பெரிய மேடுபள்ளங்களை அமைத்தல் மூன்றாவது. கண்ணும் இதழும் இலை நரம்பும் இறுதியில் வருவன. புதிதாய்ப் பயில்வோர் பெரும்பாலும் இவ்வரிசையைத் தலைகீழாக்கிக் கண்ணிலே தொடங்குவர். முகம் அமையுமுன் கண் அமைந்துவிட்டால், பின்னர் அம்முகத்தைத் தாழ்த்த இடமிராது. இழையின் போக்கை அறியாது எதிராகத் தள்ளினால் மரம் கிழிந்துபோம். தீட்டாத உளி மரத்தை வெட்டாது நசுக்கும். இவையெல்லாம் ஒரு நாளிற் கேட்டறியலாம். கை அறிவதற்கோ ஆண்டுகள் வேண்டும்.

ஈவ்லின் தம் வாக்குத் தவறவில்லை. மார்ச்சு முதல் நாள் கிப்பன்ஸையும் அவர் சிற்பத்தையும் வைட்ஹால் அரண்மனைக்கு அழைத்துச் சென்றார். மன்னர் இரண்டாம் சார்லஸ் கண்டு வியந்து, அரசியாரிடம் காட்டுமாறு அனுப்பினார். அரசியாரும் முதலில் விரும்பியவராகவே தோன்றினார். ஆனால் ஆங்கு ஆடையும் விசிறியும் விற்கவந்த பிரெஞ்சு மாது ஒருத்தி, தான் அறியாத தொழிலிற் குற்றங்காணத் தொடங்கினாள். அவள் சொற்கேட்டு அரசியார் மனமாறினார். பலகை மீண்டும் கூரைவீட்டுக்கே சுமந்து செல்லப்பட்டது. பின்னர் ஒரு செல்வர் எண்பது பவுனுக்கு அதனை வாங்கினார். சட்டம் நீங்கலாகவே நூறு பவுன் பெறும் என்பது ஈவ்லினின் கருத்து.

அரண்மனை வாயில்வரை சென்று திரும்பிய தொழிலாளி மனமுடைந்து தந்தையின் வாணிகத்தை நாடியிருந்தால் வியப்பில்லை. கிப்பன்ஸ் உளியைக் கீழே வைத்தாரல்லர். ஈவ்லின் அவரை ஹியூ மே, கிறிஸ்டபர் ரென் என்னும் கட்டடக் கலைஞர் இருவர்க்கும் அறிமுகம் செய்துவைத்திருந்தார். அவர்கள் வழியே வேலை வந்தது. விண்ட்சர் கோட்டை, லண்டன் தூய பவுல் பேராலயத்துப் பாடகர் இருக்கைகள், கேம்பிரிட்ஜ் டிரினிட்டிக் கல்லூரி நூல்நிலையம், பெட்வொர்த் மாளிகை, ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை ஆகியவற்றில் அவர் கைவண்ணம் படிந்தது. 1682-ஆம் ஆண்டில் அதே சார்லஸ் மன்னர், இத்தாலியில் டஸ்கனி நாட்டை ஆண்ட மூன்றாம் கோசிமோவுக்கு நட்பின் அடையாளமாக அனுப்பிய பரிசு கிப்பன்ஸ் செய்த மரப் பலகையே. 1693-ஆம் ஆண்டில் மூன்றாம் வில்லியம் மன்னர் அவரை அரசாங்கத் தலைமை மரச் சிற்பியாக அமர்த்தினார்.

அவர் விரும்பிய மரம் லைம் எனப்படுவது. நம் எலுமிச்சைக்கும் இதற்கும் உறவில்லை. வெளிறிய நிறமும், மென்மையும், நெருங்கிய இழையும் உடையது. எத்திசையிலும் உளிக்கு இணங்குவது. இன்றும் மேனாட்டிற் செதுக்கக் கற்போர் முதலில் இதனையே நாடுகின்றனர். கிப்பன்ஸ் மரத்தை அடுக்கடுக்காகச் செதுக்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினார். இதழ்களின் அடிப்புறத்தை ஒளிபுகும் அளவு மென்மையாகக் குடைந்தார். அதனால் அவர் மலர்கள் பலகையில் ஒட்டியன போலாது, காற்றில் அசைவன போலத் தோன்றும்.

1721-ஆம் ஆண்டு ஆகஸ்டு 3-ஆம் நாள், தமது எழுபத்து மூன்றாம் வயதில் லண்டனில் அவர் காலமானார். அவர் வரலாறு அத்துடன் முடியவில்லை. 1986-ஆம் ஆண்டு மார்ச்சு 31-ஆம் நாள் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் தீப்பற்றி, அவர் செதுக்கிய ஏழடி நீளத் தொங்கல் ஒன்று எரிந்தொழிந்தது. அதனை மீண்டும் செய்ய அழைக்கப்பெற்றவர் அமெரிக்கராகிய டேவிட் எஸ்டர்லி. இவரும் தச்சுக் குடியினரல்லர். இலக்கியம் கற்ற புலவர். 1974-ஆம் ஆண்டில் லண்டன் தேவாலயம் ஒன்றில் கிப்பன்ஸின் வேலையைக் கண்டு, அதில் உளம் பறிகொடுத்து, தாமே உளி பிடித்துப் பயின்றவர். எரிந்துபோன அவ்வொரு தொங்கலைச் செதுக்க அவர்க்கு ஓராண்டு சென்றது.

இவ்வரலாற்றால் நாம் பெறும் விடை நமக்குச் சற்றே கசப்பானதெனினும் நலம் பயப்பது. துணி வணிகர் மைந்தர் சிற்பியரின் தலைவரானார். அவர் வேலைக்கு உயிர்கொடுக்க மூன்று நூற்றாண்டின் பின் வந்தவர் புத்தகம் பயின்ற புலவர். குருதி தானே செதுக்குவதில்லை. ஆயின் தொழிற்குடியிற் பிறந்ததனாற் பயனில்லையோ எனின், பெரும்பயன் உண்டு. தீட்டிய உளி வீட்டிலுண்டு. மரம் அறிந்த பாட்டனார் திண்ணையிலுண்டு. கொட்டாப்புளியின் ஓசை தொட்டிலிலேயே காதில் விழுகின்றது. கிப்பன்ஸும் எஸ்டர்லியும் தேடிச்சென்று பெற்றதை நம் பிள்ளைகள் வாயிற்படி தாண்டாமலே பெறலாம். பெறாது விடின், அஃது ஒரு தலைமுறையில் மறையும். பின்னர்ப் பழம்பெருமை பேசுவதற்கு வாயன்றி வேலை செய்வதற்குக் கை இராது.

யாம் பள்ளியிற் புத்தகம் கற்பிப்போமாதலின், எழுத்தை இகழேம். ஆயினும் பள்ளி விட்டு வீடு திரும்பும் மகனுக்கும் மகளுக்கும் நாடோறும் ஒரு நாழிகை, சிறு பலகை ஒன்றும், எழுதுகோல் ஒன்றும், நன்கு தீட்டிய உளி ஒன்றும் கொடுத்து, ஓர் இலையை வரையச் செய்து, அதன் தளத்தைத் தாழ்த்தப் பழக்குக. முதல் இலை கோணலாகவே வரும். அதனை எறியாது வைத்திருந்து, நூறாவது இலையோடு ஒப்பிட்டு நோக்கின், பிறப்பு எது, பயிற்சி எது என்பது வாதமின்றியே விளங்கும்.