விடைபெறச் சென்றவர்

தம் முன்னோர் வைத்துச் சென்ற செல்வம் இன்னதென அறியுமுன்னரே அதனை வேண்டாவெனத் தள்ளிவிடுவோர் உலகிற் பலர். அங்ஙனம் தள்ளப் புகுந்து, இறுதி வேளையில் அதன் அருமையுணர்ந்து, எஞ்சிய நாளெல்லாம் அதற்கு நன்றி செலுத்தி வாழ்ந்த அறிஞர் ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

பிரான்ட்ஸ் ரோஸன்ஸ்வைக் என்பார் ஜெர்மனி தேசத்துக் காஸ்ஸெல் நகரில் 1886-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ஆம் நாள் செல்வம் வாய்ந்த யூதக் குடும்பத்தில் ஒரே மைந்தராய்ப் பிறந்தார். அவ்வில்லத்தில் முன்னோர் சமயம் பெரும்பாலும் பெயரளவிலேயே நின்றது. அவர் முதலில் வைத்தியமும், பின்னர்ச் சரித்திரமும் தத்துவமும் பயின்று, 1912-இல் டாக்டர் பட்டம் பெற்றார்.

1913-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் இரவு, லைப்சிக் நகரில், கிறிஸ்தவரான நண்பர் ரோஸன்ஸ்டாக்கோடும் உறவினர் ஏரன்பெர்க்கோடும் நெடுநேரம் சம்பாஷித்ததன் பயனாக, ஞானஸ்நானம் பெறத் துணிந்தார். ஆயினும் ஆதித் திருச்சபையார் போன்று யூதனாகவே அதனுட் புகவேண்டுமென்பது அவர் கருத்து. ஆகவே, தாம் விட்டு நீங்கவிருந்த சமயத்தின் திருநாளை ஒருமுறை ஆசரிக்கலாயினார்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் பெர்லின் நகரத்துச் சிறு ஜெபாலயமொன்றில் பாவநிவிர்த்தி நாளை அவர் கழித்தார். அந்நாளில் யூதர் மாலை தொடங்கி மறுநாள் இரவு வரை உணவும் நீருமின்றி உபவாசிப்பர். பிறர்க்குச் செய்த குற்றத்தை அப்பிறரே மன்னிக்கவேண்டுமாதலின், முன்னரே அயலாரை அணுகி மன்னிப்பு வேண்டுவர். தம்மைப் புதைக்கும் நாளில் உடுத்தும் வெண்ணிற ஆடையை அன்று உடுத்து நிற்பாரும் உளர். பிற்பகலில் யோனாவின் ஆகமம் வாசிக்கப்படும். இறுதியில் எக்காளம் ஒருமுறை முழங்கும். அன்று தம்முள் நிகழ்ந்ததை ரோஸன்ஸ்வைக் நூலில் எழுதி வைத்திலர். அம்மாத முடிவில், தாம் யூதராகவே இருக்கப் போவதாக ஏரன்பெர்க்குக்குக் கடிதம் விடுத்தார்.

கிறிஸ்தவக் கல்லூரியினராகிய நமக்கு இம்முடிவு வியப்பளிக்கலாம். அந்நண்பரோ அவரை வெறுத்தாரல்லர். 1916-இல், இருவரும் போர்ச்சேவையில் இருக்கையில், ரோஸன்ஸ்டாக்கும் அவரும் இரு சமயங்களையும் பற்றி ஒளிவு மறைவின்றிக் கடிதங்கள் எழுதிக்கொண்டனர்.

மாசிதோனியப் போர்முனையிலிருந்து தபால் அட்டைகளில் எழுதியனுப்பத் தொடங்கிய அவர்தம் பெருநூலாகிய 'மீட்பின் விண்மீன்' 1921-இல் வெளிவந்தது. அவ்வெண்ணிற ஆடையைக் குறித்தும் அதில் ஆராய்ந்துள்ளார். சர்வகலாசாலைப் பதவி தம்மை நாடி வந்தபோது அதனை ஏலாது, 1920-இல் பிராங்பர்ட் நகரில் யூதர்க்கென ஒரு கல்விக்கழகத்தைத் தலைமையேற்று நடத்தினார். தம்மைப்போலவே முன்னோர் மரபறியாது வளர்ந்தோர்க்கு அதனைக் காட்டுதலே அவர் நோக்கம். தாம் பெற்றதைப் பிறர்க்கு அளித்தலன்றோ மெய்யான நன்றி!

1922-இல் தசைகளைச் செயலிழக்கச் செய்யும் தீராத நோய் அவரைப் பற்றியது. வைத்தியர் குறித்த காலம் ஏறக்குறைய ஓராண்டு. அவர் வாழ்ந்ததோ ஏழாண்டுகளுக்கு மேல். கையும் நாவும் ஓய்ந்தபின், அவர் கண்ணாற் குறிக்கும் எழுத்தை மனைவியார் ஈடித் உணர்ந்து எழுதுவார். இந்நிலையிலேயே எபிரெயக் கவி யூதா ஹாலேவியின் பாடல்களை ஜெர்மன் மொழியிற் பெயர்த்தார். 1925 முதல் மார்ட்டின் பூபர் என்பாரோடு எபிரெய வேதாகமத்தையும் மொழிபெயர்த்து வந்தார். ஜெபாலயம் செல்லவியலாத அவர்தம் இல்லத்திலேயே அன்பர் கூடி வழிபட்டனர். ஆறுதல் கூறச் சென்றோர் தாமே ஆறுதல் பெற்று மீண்டனர். ஏசாயாவின் ஆகமம் முற்றுப்பெறுமுன் 1929-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பூபர் 1961-இல் நிறைவேற்றினார்.

ஒரு நாள் உபவாசத்திற் கண்டதற்குப் பதினாறாண்டு நன்றி செலுத்தியது இவ்வாழ்க்கை. மாணாக்கர்காள்! எதனையேனும் விட்டு நீங்க எண்ணுவீராயின், அதன் வாயிலில் நின்று திரும்பாது, உள்ளே சென்று ஒருநாள் முழுதும் அமர்ந்து பாருங்கள். பின்னர் நீங்குவீரோ நிலைப்பீரோ, எதுவாயினும் அறிந்து செய்தவராவீர்.