சிறுவர் தொழிலாளருக்காக வழக்காடிய ஷாப்ட்ஸ்பரி பிரபு

இலண்டன் பிக்கடில்லி சர்க்கஸில், வில்லேந்தி ஒற்றைக் காலில் நிற்கும் சிலையருகே படம் எடுக்காதவர் நம் சபையில் குறைவு. 1893இல் ஷாப்ட்ஸ்பரி பிரபுவின் நினைவாகத் திறக்கப்பட்ட நீரூற்று அது என்பது பலருக்குத் தெரியாது.

அந்தோணி ஆஷ்லி கூப்பர் 1801 ஏப்ரல் 28ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். வீட்டில் செல்வம் இருந்தது, பெற்றோரின் அன்பு இல்லை. அவருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுத்து, வேதக் கதைகளைச் சொல்லி வளர்த்தவர் மரியா மில்லிஸ் என்ற பணிப்பெண். அவர் சீக்கிரமே இறந்துபோனார். அவர் விட்டுச்சென்ற கடிகாரத்தை ஆஷ்லி கடைசிவரை தம்முடன் வைத்திருந்தார். பிரபு வீட்டுப் பிள்ளைக்கு விசுவாசம் வந்தது வேலைக்காரப் பெண்ணிடமிருந்து. நம் ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1826இல் பாராளுமன்றத்துக்குச் சென்றார். அந்நாளில் பஞ்சாலைகளில் ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரமும் அதற்கு மேலும் நின்று வேலை செய்தார்கள். அவர்களுக்காகப் பேசிவந்த மைக்கேல் சாட்லர் தேர்தலில் தோற்றதும், அந்தப் பொறுப்பு ஆஷ்லியிடம் வந்தது. அவர் கேட்டது பத்து மணி நேர வேலைநாள். அரசாங்கம் அதைத் தள்ளிவிட்டு, 1833இல் தன் சொந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஒன்பது வயதுக்குட்பட்டோர் பெரும்பாலான ஆலைகளில் வேலை செய்யக் கூடாது. பதின்மூன்றுக்குட்பட்டோருக்கு நாளொன்றுக்கு மிஞ்சினால் ஒன்பது மணி நேரம். நாடு முழுவதற்கும் நான்கே பரிசோதகர்கள்.

நிலக்கரிச் சுரங்கங்களின் நிலை இன்னும் மோசம். 1838இல் யோர்க்ஷயரின் ஹஸ்கர் சுரங்கத்தில் வெள்ளம் புகுந்து 26 பிள்ளைகள் மாண்டார்கள். ஆஷ்லி முயன்று அமைத்த விசாரணைக் குழுவின் அறிக்கை 1842இல் படங்களுடன் வந்தது. இடுப்பில் சங்கிலி கட்டித் தவழ்ந்து வண்டி இழுக்கும் பிள்ளைகளைக் கண்டு நாடே வெட்கப்பட்டது. பதின்மூன்று வயதுக்குட்பட்ட சிறுவரை நிலத்தடியில் இறக்கக் கூடாது என்றார் ஆஷ்லி. பிரபுக்கள் சபை அதைப் பத்தாகக் குறைத்தது. அங்கே சுரங்க முதலாளிகளும் இருந்தார்களே! ஆனாலும் பெண்களும் சிறு பிள்ளைகளும் மேலே வந்தார்கள்.

1846இல் தானியச் சட்டத்தைப் பற்றிய தம் எண்ணம் மாறியது. பழைய எண்ணத்தை நம்பி வாக்களித்தவர்களுக்கு உண்மையாயிருக்க, பதவியை விட்டு விலகினார். அடுத்த ஆண்டு பத்து மணி நேரச் சட்டம் நிறைவேறியபோது அவர் பாராளுமன்றத்துக்கு வெளியே இருந்தார். ஜான் பீல்டன் அதை நிறைவேற்றினார். பதினான்கு ஆண்டுப் போராட்டம் அது.

அவரை மிகவும் வாட்டியது புகைபோக்கிச் சிறுவரின் காரியம். கரி சுரண்ட ஒடுங்கிய புகைபோக்கிக்குள் சிறுவர்களை ஏற்றுவதை 1840ஆம் ஆண்டுச் சட்டமே தடைசெய்தது. யாரும் மதிக்கவில்லை. வழக்கு வந்தாலும் நீதவான்கள் விட்டுவிட்டார்கள். அவர்கள் வீட்டுப் புகைபோக்கிகளிலும் சிறுவர்களே ஏறினார்கள். 1864இல் கடுமையாக்கியும் பலனில்லை. 1875இல் கேம்பிரிட்ஜ் அருகே ஜார்ஜ் புரூஸ்டர் என்ற சிறுவன் புகைபோக்கியில் சிக்கி இறந்தான். எழுபத்துமூன்று வயதில் ஷாப்ட்ஸ்பரி மறுபடியும் எழுந்தார். இம்முறை, புகைபோக்கி துப்புரவு செய்பவர் ஆண்டுதோறும் பொலிசாரிடம் அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்று சட்டம் வந்தது. அதன்பிறகே அது நின்றது.

நம்மவருக்கும் அவர் அந்நியரல்ல. 1879இல் இந்தியப் பஞ்சாலைகளில் உழைக்கும் பிள்ளைகளுக்காகப் பிரபுக்கள் சபையில் பேசினார். லங்காஷயர் முதலாளிகளும் அதையே கேட்டார்கள். அவர்களை உறுத்தியது பம்பாய் ஆலைகளின் போட்டி. 1881இல் இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் ஏழு வயதுக்குட்பட்டோரை வேலைக்கு வைப்பதைத் தடுத்தது.

1885 அக்டோபர் 1ஆம் நாள் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் அபே ஆராதனைக்குச் சென்ற வழியெங்கும் ஏழைகள் திரண்டு நின்றார்கள். அடக்கம் நடந்தது அவருடைய சொந்த ஊரான விம்போர்ன் செயின்ட் ஜைல்ஸ் ஆலயத்தில்.