பஞ்சானன் மகேஸ்வரி

வீக்கத்திற்கு ஊமத்தை இலையை வதக்கிக் கட்டும் வழக்கம் நம் கிராமங்களில் தொன்றுதொட்டு உள்ளது. அந்த ஊமத்தையின் ஒரு ஜாதியைக் கொண்டே, 1964-ஆம் வருஷத்தில் டில்லி சர்வகலாசாலையார் உலகத்துத் தாவர சாஸ்திரிகளைத் திகைக்க வைத்தனர். மந்திரிகளின் ஜாதகம் வரையில் அறிந்து வைத்திருக்கும் தேசபக்தர்கள், அந்தக் கலாசாலையில் தாவர சாஸ்திரத்தை வளர்த்த பஞ்சானன் மகேஸ்வரியின் சரித்திரத்தையும் சிறிது அறிந்திருத்தல் நலம்.

அவர் 1904-ஆம் வருஷம் நவம்பர் 9-ந் தேதி ஜெய்ப்பூரில் பிறந்தார். அலகாபாத்தில் ஈவிங் கிறிஸ்தவக் கல்லூரியில் வின்பீல்டு டட்ஜன் என்ற அமெரிக்க ஆசிரியரிடம் பயின்றார். படிப்பு முடிந்தபின், குருதக்ஷிணையாகத் தாம் செய்யக்கூடியது யாது என்று சீடர் வினவினாராம். தமக்குத் தாம் செய்ததைத் தம் மாணாக்கருக்குச் செய்தால் போதும் என்பது ஆசிரியரின் விடையாம். அந்நியர் என்றாலே முகஞ்சுளிக்கும் நம்மவர்கள் இந்த அந்நியரை நினைவிற்கொள்வார்களாக. 1931-இல் மகேஸ்வரி அலகாபாத்தில் டாக்டர் பட்டம் பெற்றார். கலாசாலையில் படித்தறியாத அவர் மனைவி, செடிகளை மெல்லிய சீவல்களாக அரிந்து பூதக்கண்ணாடிக்கு ஏற்றவாறு அமைக்கும் வேலையைப் பழகிக்கொண்டு, வீட்டிலேயே கணவருக்குத் துணைபுரிந்தார்.

ஆக்ராவிலும் வேறு இடங்களிலும் போதித்தபின் 1939-இல் டாக்காவுக்குச் சென்றார். தேசம் துண்டாடப்பட்ட பின்னும் அங்கிருந்து, 1949-இல் டில்லிக்கு வந்தார். பூக்கும் செடிகளின் கருவளர்ச்சியைப் பற்றி அவர் இயற்றிய நூல் 1950-இல் வெளியாகிப் பல தேசங்களில் பாடநூலாயிற்று.

செடியின் எந்த உயிரணுவும், தக்க உணவு கிடைத்தால், தனித்தே முழுச் செடியாகும் வல்லமை உடையது என்ற கருத்தை 1902-இல் ஹேபர்லாண்ட் என்ற ஆஸ்திரிய சாஸ்திரி வெளியிட்டார். சர்க்கரையும் உப்புக்களும் வளர்ச்சிச் சத்துக்களும் கலந்த குழம்பில், கிருமி புகாமல், செடியின் துணுக்கை வைத்து வளர்ப்பதே திசு வளர்ப்பு. மகேஸ்வரி டில்லியை இதற்கு ஒரு பெரிய நிலையமாக்கினார். 1962-இல் அவரும் காந்தாவும் ரங்கசாமியும் அபினிச் செடியின் சூல்களைக் கண்ணாடிக் குழாயிலேயே மகரந்தத்தோடு சேர்த்துக் கருவுறச் செய்தனர். 1964-இல் ஷிப்ரா குஹா என்ற பெண்மணியும், மகேஸ்வரியின் புதல்வர் சதீஷ் சந்திரரும் ஊமத்தையின் மகரந்தப் பையை வளர்க்கையில், மகரந்தத்திலிருந்தே கருக்கள் முளைக்கக் கண்டனர். அவர்கள் தேடியது வேறு, கண்டது இது. பின்னர் புகையிலையிலும் நெல்லிலும் இம்முறை கையாளப்பட்டது.

1965-இல் லண்டன் ராயல் சங்கம் அவரை அங்கத்தினராக்கியது. மறுவருஷம் மே 18-ந் தேதி, அறுபத்தோராம் வயதில், காலமானார்.

அவர் வளர்த்த வித்தையால் மருந்துச் சரக்கை வியாபார அளவில் முதலில் ஆக்கியவர்கள் ஜப்பானியரே. அங்கு ஒரு செடியின் வேரில் ஷிகோனின் என்னும் செந்நீலப் பொருள் உண்டு. வீக்கமும் புண்ணும் ஆற்றுவது. துணிக்குச் சாயமும் ஆவது. ராயபுரத்துப் பனியன் தொழிலாளருக்கு இப்பொருளின் மதிப்பை நாம் விளக்க வேண்டுவதில்லை. வேர் முற்றச் சில வருஷங்கள் செல்லும். 1983-இல் மிட்சுயி கம்பெனியார் உயிரணுக்களைத் தொட்டியில் வளர்த்து, சில வாரங்களில் அதனை எடுக்கலாயினர்.

நம்மிடம் சரக்கு இல்லாமலா? மகேஸ்வரி பிறந்த ராஜஸ்தானத்திலேயே குக்குலு மரம் விளைகிறது. அதன் பிசின் மூட்டு வீக்கத்திற்குப் பழைய வைத்தியர்கள் கொடுத்த மருந்து. பட்டையை அளவின்றிக் கீறிக் கீறிப் பிசின் வடித்ததில் மரங்கள் பட்டுப்போய், இன்று அது அழிவின் விளிம்பிலுள்ள தாவரங்களின் பட்டியலில் சேர்ந்துவிட்டது. உதயப்பூர் ஆராய்ச்சியாளர் அதன் உயிரணுக்களைக் குடுவையில் வளர்த்து, பிசினில் உள்ள மருந்துப் பொருளைப் பெற்றிருக்கின்றனர். ஆனால் கிடைத்த அளவு சொற்பம். கடைக்கு வரும் பிசின் இன்னும் காட்டு மரத்தைக் கீறியே வருகிறது.